எமுலேட்டரில் கரண்ட் போவதில்லை

சர்ரென்று இழுபட்டு, இரும்புப் பல்லில் பட்டு, டக்கென்று அறுபடும் செல்லோடேப்பின் சத்தம். நேற்று மதியம் என் மேசைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி நீங்கள் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பிரிவு தாங்காமல் போகிறேன் என்று நினைத்தீர்கள். ஒருத்தர் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தீர்கள். பிரிவெல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தம்தான்.

ஐம்பத்திரண்டு வயதில், இந்த மென்பொருள் சோதனை வேலை போதும் என்று கிளம்புகிறவனிடம், "உங்க அனுபவத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்று கேட்டீர்கள். குழுவில் பதினோரு பேர் இருக்கிறீர்கள். எண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பதினோரு பேரும் படிக்க வேண்டும். ஒருவர் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சுருக்கிச் சொன்னால் போதாது.

சொல்லிக்கொள்ளும்படியான வெற்றிகள் என்னிடமும் இரண்டு மூன்று உண்டு. அவற்றை உங்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். வெற்றிக்குச் சாட்சிகள் தானாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள். நான் எழுதப்போவது, ஒரு பெண்ணின் வேலையையும் பெயரையும் ஒரே மதியத்தில் நான் எப்படிப் பறித்தேன் என்பதை. அதற்கு என்னிடம் இருந்தது ஒரு மடிக்கணினியும், அதற்குள் ஓடிய ஒரு எமுலேட்டரும், மூன்று சொற்களும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருப்பூரில் ஒரு பனியன் குடோனுக்கு மேலே ஒற்றை அறையில் நானும் என் கூட்டாளியும் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவன் எழுதுவான், நான் சோதிப்பேன். கீழே இஸ்திரிப் பெட்டிகள் ஆவி கக்கும். நனைந்த பருத்தியின் வாசம் படியேறி வரும். பஞ்சுத்தூசி எங்கள் கீபோர்டின் இடுக்குகளில் குடும்பம் நடத்தும். யூபிஎஸ் மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கியிருந்தோம். ஊரே இருண்டாலும் எங்கள் திரை இமைக்காது. அதுதான் எங்கள் பெருமை. அதுதான் எங்களைக் கெடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது.

அப்போதுதான் பாம்டாப் வந்திருந்தது. உள்ளங்கை அளவுக் கணினி. தொட்டு எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் வரும்போது சூப்பர்வைசர் கையில் அப்படி ஒன்று மின்ன வேண்டும் என்பது அன்றைய முதலாளிகள் பலருக்கும் கனவு. எங்களிடம் ஒரு பாம்டாப்கூடக் கிடையாது. எமுலேட்டர் இருந்தது. கணினித் திரைக்குள் ஒரு பாம்டாப்பின் உருவம் வரும். அதே இயங்குதளம், அதே பொத்தான்கள். குச்சிக்குப் பதில் மவுஸ். நான் அதற்குள் மூன்று மாதம் வாழ்ந்தேன்.

வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே தூசி இல்லை. வியர்த்த விரல் இல்லை. கீழே போட்டு உடைக்க ஆள் இல்லை. மூடும்போது, இருந்தபடியே வைத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். சரி என்றால் அந்த நொடியை அப்படியே மடித்துக் கணினியின் வட்டில் வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும், விட்டுப்போன எழுத்தின் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டு நிற்கும். அந்த உலகத்தில் தூக்கம் உண்டு. சாவு கிடையாது.

கூட்டாளி சிரிப்பான். "மாப்ள, எமுலேட்டருங்கறது பொண்ணுப் பாக்கப் போற அன்னிக்கு ஊடு மாதிரிடா. எல்லாத்தையும் தொடச்சு வெச்சிருப்பாங்க. கட்டிக்கிட்டதுக்கப்புறந்தான் கூரை ஒழுகறது தெரியும்."

"உங்க ஊட்டுல ஒழுகுதா?"

"அதச் சொன்னா இன்னிக்குச் சோறு கெடைக்காது."

நாங்கள் சிரித்தோம். நான் ஆயிரம் தடவை அந்த மென்பொருளைத் தட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அது விழவில்லை.

வேலை கொடுத்தது ஒரு குழந்தை உடுப்புக் கம்பெனி. குழந்தை உடுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டையும் பொறுக்கி ஊசி ரூமில் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார்கள். முழுசானால், நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் மெஷின் நம்பர், நேரம், என்ன ஆர்டர் என்று எழுதுவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் மெஷின் நிற்கும். அங்கே தைத்துக் கிடக்கும் துணியெல்லாம் ஓரமாகப் போகும். ஏனென்றால் குறைந்த துண்டு, எங்கோ பிறந்திருக்கும் ஒரு பிள்ளையின் சட்டைக்குள் இருக்கலாம்.

அந்த ஊசி ரூமில் இருந்தவள் செல்வமேரி. தெற்கே நாசரேத் பக்கமிருந்து வந்தவள். பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, எட்டு வருடத்தில் ஊசி ரூமுக்கு வந்திருந்தாள். அப்போது முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். நான் முதல் நாள் போனபோது ஒரு டெய்லரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு துண்டுதான் இருக்கு. முனை எங்கல?"

"அங்கியேதானுங்கக்கா எங்கியாச்சும் கெடக்கும். துளியூண்டுங்க. கண்ணுக்கே தெரியாது."

"ஒன் கண்ணுக்குத் தெரியாது. பச்சப்புள்ள கழுத்துக்குத் தெரியும். போ, காந்தத்த எடுத்துட்டுப் போயித் தேடு."

"பீஸ் ரேட்டுங்கக்கா. இப்படி நின்னுட்டிருந்தா எனக்கு ஆரு குடுப்பா?"

"அப்பம் சீக்கிரம் தேடு."

அவன் முனகிக்கொண்டே போனான். கால் மணி நேரத்தில் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது அந்த முனை. சர்ரென்று டேப்பை இழுத்தாள். டக். ஒட்டினாள். எழுதினாள். அலமாரியில் அப்படி எட்டு வருட நோட்டுகள் இருந்தன. புரட்டினால் பக்கம் பக்கமாக ஊசிகள், இறந்த மீன்குஞ்சுகள் போல, டேப்புக்கு அடியில் பளபளத்துக்கொண்டு. அந்தக் கம்பெனியிலிருந்து போன ஒரு துணியில்கூட ஊசி இருந்ததாகப் புகார் வந்ததில்லை. ஊசி ரூம் அக்கா என்றால் பக்கத்துக் கம்பெனிகளிலும் தெரியும். அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பெயர்தான். திருப்பூரில் ஊசி விஷயத்தில் பெயர் கெட்ட ஆளைக் குழந்தை உடுப்புக் கம்பெனி எதுவும் வாசலில்கூட ஏற்றாது.

நாங்கள் செய்த மென்பொருள் அந்த நோட்டுக்கு மாற்று. பாம்டாப்பில் மெஷின் நம்பரைத் தொட்டு, துண்டுகள் முழுசா என்று தொட்டால், நேரம் தானாகப் பதியும். முதலாளி புது பாம்டாப் ஒன்றை வாங்கி நேராக ஊசி ரூமில் கொண்டுவந்து வைத்தார். அதில் நான் சோதித்தது அரைநாள். எமுலேட்டரில் மூன்று மாதம் ஓடியது இதில் ஓடாதா என்ற தைரியம். பதிவுகளைக் கணினிக்கு நகல் எடுக்கும் பகுதியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருந்தோம். அந்த அடுத்த மாதம், அதற்கடுத்த மாதமாகியிருந்தது.

மேரி அதைச் சிலேட்டு என்றாள். சீக்கிரமே பழகிவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"எல்லாஞ்சரி சார். ஊசிய இதுல எங்க ஒட்டணும்?"

முதலாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் வாரம் போய்ப் பார்த்தால், பாம்டாப்பின் முதுகில் செல்லோடேப் போட்டு ஒரு முழு ஊசியை ஒட்டி வைத்திருந்தாள். நான் அதை எல்லோருக்கும் காட்டிக் காட்டிச் சிரித்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நோட்டையும் ஒரு பக்கமா எழுதிக்கிட்டுமா சார்? ஒட்டலைன்னா எனக்கு என்னமோ கையி நமநமங்குது."

"வேண்டாம் மேரி. ரெண்டு இடத்துல எழுதுனா ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. துண்டையெல்லாம் ஒரு டப்பாவில போட்டு வைங்க, போதும்."

முதலாளி தலையாட்டினார். நோட்டு நின்றது. டேப் உருளை மேசையின் இழுப்பறைக்குள் போனது.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பயன்படுத்துகிறவர் கேட்கும் அசட்டுக் கேள்விதான் உங்கள் கையில் கிடைக்கும் ஒரே நிஜமான சோதனை. மற்றதெல்லாம் நீங்களே கேள்வி எழுதி நீங்களே பதில் எழுதும் பரீட்சை. ஊசியை எங்கே ஒட்டுவது என்று அவள் கேட்டது, இது செத்தால் எது மிச்சம் என்ற கேள்வி. எனக்கு அது தமாஷாக விழுந்தது.

தீபாவளி வந்தது. திருப்பூரில் தீபாவளி என்றால் ஊர் காலி. தெற்கத்திக்காரர்கள் பஸ் கூரையில்கூட இடம் பிடித்துப் போவார்கள். மெஷின்கள் ஒன்பது நாள் மூச்சு விடாது. பஞ்சும் துணியும் அடைந்து கிடக்கும் கட்டிடம், வெளியே பட்டாசு. பூட்டும்போது வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவார். ஊரில் அதுதான் வழக்கம். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேரி பாம்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அந்தக் காலத்துப் பாம்டாப் எல்லாவற்றையும் தன் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு பேட்டரியின் தயவில் உயிர் வாழும். பேட்டரி தீர்ந்து, உள்ளே இருக்கும் குட்டிப் பேட்டரியும் தீர்ந்தால், அது அன்றுதான் பிறந்த குழந்தை. ஒன்றும் ஞாபகமிருக்காது. அதனோடு வந்த சின்னப் புத்தகத்தில் இது எழுதியிருந்தது. நான் படித்திருந்தேன். படித்ததும் ஒரு ஏற்பாடு செய்தேன்: எங்கள் மென்பொருளை ஒரு மெமரி கார்டில் வைத்து, பாம்டாப் வெறுமையானால் தானாகவே அது திரும்ப ஏறிக்கொள்ளும்படி செய்தேன். மென்பொருளைக் காப்பாற்றினேன். பதிவுகளைக் காப்பாற்றத் தோன்றவில்லை. என் எமுலேட்டரில் பதிவுகள் ஒருநாளும் தொலைந்ததில்லையே.

கம்பெனி திறந்த அன்றே பையர் தரப்பில் தணிக்கைக்கு ஆள் வந்தார். பெங்களூரிலிருந்து வந்த, அதிர்ந்து பேசாத பெண்மணி. கண்டெய்னர் ஏறக் காத்திருந்த ஆர்டருக்கு ஊசிப் பதிவைக் கேட்டார். மேரி பாம்டாப்பைத் திறந்தாள். எங்கள் மென்பொருள் அழகாக வந்தது. பதிவுகள்: பூஜ்யம்.

போன் வந்தபோது மதியம். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டாளியின் டிவிஎஸ்ஸில் பறந்தேன். மீட்டிங் ரூமில் முதலாளி, அவருடைய தம்பி, புரொடக்‌ஷன் மேனேஜர், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர்கள் இருவர், ஆபீசில் ஆள் எடுக்கும் பெண், அந்தத் தணிக்கைப் பெண்மணி. மேசை நடுவில் ஒரு வெள்ளைத் தாள். அதில் டப்பாவைக் கவிழ்த்து ஊசித் துண்டுகளைக் கொட்டியிருந்தார்கள். மேரி அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று, துண்டு துண்டாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது பதினேழாம் நம்பர் ஓவர்லாக் மெஷினு. புதன்கெழம, சாப்பாட்டுக்கு முன்னாடி. இது நாலாம் நம்பர். இது... இதுவும் நாலாம் நம்பருதான், வெள்ளிக்கெழம. இது பட்டன் மெஷினு."

இருபதுக்கும் மேல் எடுத்து வைத்துவிட்டாள். தணிக்கைப் பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும்மா, ஞாபகத்தை நான் ரெக்கார்டா எடுத்துக்க முடியாது" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் பாம்டாப்பை என்னிடம் நீட்டினார். "என்னத்தையோ தொட்டு அழிச்சுட்டாளுங்க. கேட்டா கூட்டல் குறிங்கறா, கழித்தல் குறிங்கறா."

"கூட்டல் குறி மட்டுந்தான் சார்" என்று மேரி என்னைப் பார்த்துத் திரும்பினாள். "காலையில போட்டதும் நம்ம பக்கம் வரல. நடுவுல ஒரு கூட்டல் குறி. தொட்டேன். மூலைக்குப் போச்சு. அங்கனயும் தொட்டேன். அஞ்சு தடவ தொட்ட பொறவுதான் நம்ம பக்கம் வந்துச்சு. நான் வேற ஒண்ணையும் தொடல சார். சார்ஜுல போட்டுட்டுத்தான் ஊருக்குப் போனேன்."

கூட்டல் குறி. பாம்டாப் புதிதாகப் பிறக்கும்போது, குச்சி எங்கே படுகிறது என்று அளந்துகொள்ள அப்படிக் கேட்கும். முதன்முதலில் திறக்கும்போது மட்டும் கேட்கும். என் கையிலிருந்த திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி: ஜனவரி ஒன்று, நினைவிழந்த பாம்டாப் திரும்பிப்போகும் முதல் நாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ மிச்சப் பட்டாசைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மெயின் ஸ்விட்ச். ஒன்பது நாள். செத்துப் பிழைத்த நினைவு. அது செத்த தடயத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலேறி உட்கார்ந்த என் மெமரி கார்டு. அந்த அறையில் ஜனவரி ஒன்று என்ற எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

குச்சியை எடுத்தேன். தேதியைத் தொட்டேன். அன்றைய தேதிக்கு மாற்றினேன்.

ஏன் செய்தேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேதி தப்பாக இருந்தால் திருத்துவது சோதனைக்காரனின் கைப்பழக்கம் என்று சில வருடம் சொல்லிக்கொண்டேன். பயம் என்று சில வருடம். அந்தக் கம்பெனி போனால் எங்கள் ஒற்றை அறையும் போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கை போனபோது இதெல்லாம் மனதில் இல்லை. என் மென்பொருள் அழகாக நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கறை. துடைத்தேன். அவ்வளவுதான் இருந்தது.

முதலாளி முன்னால் சாய்ந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். உங்க புரோகிராம்ல போட்டது தானா அழியுமுங்களா, அழியாதுங்களா?"

மடிக்கணினியைத் திறந்தேன். எமுலேட்டரை ஓடவிட்டேன். மூன்று மாதச் சோதனைப் பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. எல்லோரும் பார்க்க மூடினேன். மடிக்கணினியையே அணைத்தேன். மின்கம்பியைப் பிடுங்கி மேசைமேல் போட்டேன். மறுபடி கம்பியைச் செருகித் திறந்தேன். பதிவுகள் அப்படியே இருந்தன. கர்சர் துடித்தது.

"அழியாதுங்க" என்றேன்.

அறையில் எல்லோருடைய தோளும் இறங்கியது. எல்லோரும் நிம்மதியாக மேரியைப் பார்த்தார்கள். அவள் என் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது படம்லா சார்" என்றாள். "இந்தச் சிலேட்டுல அதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பாடம் இருக்கிறதென்றால் அது அந்த ஒரு வாக்கியம். பிளஸ் டூ முடிக்காத பெண், எமுலேட்டர் என்ற சொல்லைக் கேட்டிராதவள், சோதனைத் தொழிலின் மொத்த நீதியையும் நின்ற இடத்தில் சொன்னாள்: நிஜத்தில் காட்டு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "தெரியவில்லை, பாம்டாப்பை ஒரு பத்து நாள் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தாலே போதும். உண்மையை முழுசாகச் சொல்லும் தைரியம் இல்லாவிட்டாலும், அதை ஒத்திப்போடும் அளவுக்காவது நேர்மை இருந்திருக்கலாம்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

அந்த வாக்கியம்தான். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கண்டுபிடிப்பதற்காக மட்டுமே எனக்குச் சோறு கிடைத்துக்கொண்டிருந்தது.

அவள் எடுத்து வைத்த இருபது சொச்சம் துண்டுகளையும் தாளில் திரும்பச் சேர்த்து, தாளைக் குழலாக மடித்து, ஒரு துண்டு சிந்தாமல் டப்பாவில் போட்டு மூடினாள். மூடிவிட்டு மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள், எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை; தப்பியது. எல்லா அட்டைப்பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு உடுப்பையும் மெட்டல் டிடெக்டரில் விட்டு, மறுபடி கட்டி அனுப்பினார்கள். ஒரு துணியிலும் ஊசி இல்லை. அதாவது மேரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. பையருக்கு ஒரு காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. "உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமுங்களே தம்பி" என்றார் முதலாளி. நான்தான் எழுதினேன். காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. எடுத்த நடவடிக்கை: பணியாளர் நீக்கப்பட்டார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

சாயங்காலம் கூட்டாளியிடம் சொன்னேன். தேதியை மாற்றியதைச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். அவன் வெகுநேரம் கீபோர்டிலிருந்து பஞ்சுத்தூசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இப்பப் போயிச் சொன்னா என்னாகும் மாப்ள?"

"நம்ம கம்பெனி போயிரும்."

"அந்தப் புள்ளைக்கு வேலை திரும்பக் கெடைக்குமா?"

"கெடைக்கலாம்."

"கெடைக்கலாமா, கெடைக்குமா?"

அவன் எழுந்து போய் டீ வாங்கி வந்தான். அதற்குப் பிறகு எமுலேட்டரைப் பற்றி அவன் தமாஷ் பேசவில்லை. அடுத்த பதிப்பில் பதிவுகள் மெமரி கார்டிலேயே எழுதப்படும்படி மாற்றினோம். அரைநாள் வேலை. புதுப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பில் "வேகம் கூட்டப்பட்டுள்ளது" என்று எழுதினேன். நீங்கள் எழுதும் குறிப்புகளை நான் வரிவரியாகப் பிடித்துக்கொண்டு உங்களை வதைத்தது எதனால் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அந்த முதலாளி இன்று உயிரோடு இல்லை. கம்பெனி கைமாறி, பெயர் மாறி, இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம், "இந்தத் தம்பியோட சாமானம் ஒருநாளும் தப்புப் பண்ணுனதில்லீங்க" என்று சொன்னார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மேரியை அதற்குப் பின் ஒரே ஒரு தடவை பார்த்தேன். தீபாவளி கழிந்து, அடுத்த ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம். திருப்பூரை அடுத்த மங்கலத்தில் ஒரு தறிக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். தலைமுடி, புருவம், சேலை மடிப்பு எங்கும் வண்ண வண்ணமாகப் பஞ்சு. பனியன் கழிவுத் துணியை நிறம்வாரியாகப் பிரிக்கும் குடோனில் இருந்தாள். கையில் ஒரு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

வண்டியை நிறுத்தினேன். "மேரி, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன சார். நல்லா இருக்கீங்களா?"

"கையில என்ன?"

"கழிவுத் துணியில ஊசி கெடந்துச்சு." கொஞ்சம் சிரித்தாள். "எந்தக் கம்பெனி ஊசியோ."

"வேற கம்பெனியில கேட்டுப் பாக்கலையா?"

"மூணு கம்பெனியில கேட்டேன். பேரச் சொன்னதும், ஆள் எடுத்தாச்சுன்னுட்டாங்க."

எட்டு மாதமாக மனதில் எழுதி எழுதி அடித்த வாக்கியம் என்னிடம் இருந்தது. காற்று புழுதியை வாரிக்கொண்டு போனது. தெருமுனையில் டவுன் பஸ் தெரிந்தது. இப்போது விட்டால் இனி இல்லை என்று தோன்றியது.

"மேரி, அன்னிக்கு நீங்க ஒண்ணுமே அழிக்கலை. லீவுக்கு மெயின அணைச்சதுல அதுவா அழிஞ்சுபோச்சு. தப்பு என்னோடது. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவள் விரலில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தக் குச்சிய வச்சு மூலையில என்னமோ மாத்துனீங்கள்லா. நான் பாத்துட்டுத்தான் நின்னேன்."

வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கினேன்.

"என்னத்த மாத்துனீங்கன்னு தெரியாது. மாத்துனீங்கன்னு தெரியும். எட்டு வருசம் ஊசி முனை தேடுன கண்ணு சார்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

பஸ் வந்து நின்றது. ஷிஃப்ட் முடிந்த கூட்டம் படியை மொய்த்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து, மன்னிச்சிருங்க மேரி என்றோ என்னவோ சொன்னேன். அவள் படியிலிருந்து குனிந்து, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே எனக்குக் கேட்கும்படி, கோபமில்லாமல் சொன்னாள்.

"அன்னைக்கு ரூமுல ஏழு பேரு இருந்தாங்க சார். இங்கன நான் ஒருத்திதான் நிக்கேன். எனக்குத்தான் அது முன்னமே தெரியுமே."